ஜோ லூயிஸ்: ஒரு சாம்பியனின் வரிக் கணக்கு

ஜோ லூயிஸைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1938 ஜூன் 22 இரவிலிருந்துதான் தொடங்குவார்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வந்த மேக்ஸ் ஷ்மெலிங்கை நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் 124 வினாடிகளில் அவர் வீழ்த்திய இரவு அது. அவருடைய வாழ்க்கை ஏன் அப்படி முடிந்தது என்று கேட்பவர்களுக்கு நான் வேறொரு தேதியைச் சொல்வேன்: 1942 ஜனவரி 9. அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பட்டி பேயரை முதல் சுற்றிலேயே நாக் அவுட் செய்த லூயிஸ், தன் பங்குத் தொகையைக் கடற்படை நிவாரணச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்போதைய அமெரிக்கக் கடற்படையில் ஒரு கறுப்பின இளைஞன் சேர்ந்தால் அவனுக்குக் கிடைத்த வேலை சாப்பாட்டு அறையில் அதிகாரிகளுக்குப் பரிமாறுவது. அந்தக் கடற்படைக்காகத்தான் உலக ஹெவிவெயிட் சாம்பியன் தன் பட்டத்தைப் பணயம் வைத்துச் சண்டையிட்டார். அடுத்த சில நாட்களில் ராணுவத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 21 டாலர். மார்ச் மாதம் ஏப் சைமனோடு மோதிக் கிடைத்த பணமும் ராணுவ நிவாரண நிதிக்குப் போனது.

14 ஆண்டுகள் கழித்து, 1956-இல், அதே மனிதர் மல்யுத்தக் காட்சி மேடைகளில் நின்றார். வருமான வரித் துறைக்கு அவர் பத்து லட்சம் டாலருக்கு மேல் பாக்கி. அந்தக் கடனை அடைக்க அவரிடம் மிஞ்சியிருந்தது உடம்பு ஒன்றுதான். இதற்கு ஒரு விளக்கம் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது: நாட்டுக்குத் தானம் செய்த பணத்துக்கே நாடு அவரிடம் வரி கேட்டது என்று. மனதைச் சுடும் கதை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியையும் சேர்த்துப் பார்த்தால் குற்றம் பலர் தலையில் விழுகிறது, அரசின் தலையில் விழும் பங்கோ குறைவதில்லை.

அலபாமாவில் லஃபாயெட் என்னும் சிற்றூருக்கு அருகே 1914 மே 13 அன்று ஜோசப் லூயிஸ் பேரோ பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். தந்தை மன்ரோ பேரோ குத்தகை விவசாயி. ஜோவுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே தந்தையை மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். பிறகு அவர் இறந்துவிட்டதாகக் குடும்பத்துக்குத் தகவல் வந்தது. தாய் லில்லி மறுமணம் செய்துகொண்டார். உண்மையில் மன்ரோ 1938 வரை உயிரோடு இருந்தார். மகன் உலக சாம்பியன் ஆனதை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை. இந்தத் தந்தையின் நிழல் லூயிஸின் கடைசிக் காலத்தில் மறுபடி வந்து விழுந்தது.

1926-இல் குடும்பம் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. தெற்கின் பருத்தி வயல்களிலிருந்தும் கூ கிளக்ஸ் கிளான் மிரட்டலிலிருந்தும் தப்பி வடக்கின் தொழிற்சாலைகளை நோக்கிப் போன லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களில் அதுவும் ஒன்று. ஃபோர்டு கார் தொழிற்சாலை சோறு போட்டது. பையன் தச்சுத் தொழில் படிக்கத் தொழிற்பள்ளிக்குப் போனான். வயலின் கற்றுக்கொள் என்று அம்மா கொடுத்த காசு, பிரூஸ்டர் பொழுதுபோக்கு மையத்தின் குத்துச்சண்டைக் கூடத்தில் பெட்டி வாடகைக்குப் போனது. 1932-இல் முதல் அமெச்சூர் போட்டி. எதிராளி ஜானி மைலர் அவரை ஏழு முறை தரையில் விழவைத்தார். மாதக்கணக்கில் ரிங் பக்கமே போகாமல் லூயிஸ் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பினார். இரண்டே ஆண்டில், 1934-இல், தேசிய அமெச்சூர் லைட் ஹெவிவெயிட் சாம்பியன்.

தொழில்முறைக்கு அவரைக் கொண்டுவந்த மூவரும் கறுப்பினத்தவர். டெட்ராய்ட்டின் ஜான் ராக்ஸ்பரோவும் சிகாகோவின் ஜூலியன் பிளாக்கும் மேனேஜர்கள். நம்பர் சூதாட்டத்தில் பணம் பார்த்தவர் ராக்ஸ்பரோ. வங்கிகள் கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறக்காத காலத்தில் அந்தச் சமூகத்தின் முதலீடு இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் வந்தது. பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன், பழைய லைட்வெயிட் வீரர். நடுவர்களின் புள்ளிகளை நம்பி ஒரு கறுப்பின வீரன் ரிங்குக்குள் போகக் கூடாது, தீர்ப்பை உன் முஷ்டியே எழுத வேண்டும் என்பது பிளாக்பர்ன் கொடுத்த முதல் பாடம். லூயிஸின் பாணி முழுவதும் இந்தப் பாடத்திலிருந்து பிறந்தது. சிறு சிறு அடிகளாக முன்னேறி எதிராளியை மூலைக்குத் தள்ளும் நடை. தோளைச் சுற்றி வீசாமல் குறுகிய தூரத்தில் இறங்கும் குத்து. ஒன்று பட்டதும் மூன்று, நான்கு என்று இடைவெளியின்றி வரும் தொடர்ச்சி. அவருடைய பழைய படச்சுருள்களில் வீணான அசைவு ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம். 1934 ஜூலை 4-இல் சிகாகோவில் நடந்த முதல் தொழில்முறைச் சண்டைக்குக் கிடைத்தது 59 டாலர்.

ரிங்குக்கு வெளியேயும் ஒரு பயிற்சி இருந்தது. அதைச் சொல்ல ஜாக் ஜான்சனைத் தொட வேண்டும். 1908-இல் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜான்சன் யாருக்கும் அடங்காதவர். வீழ்ந்த வெள்ளையரைப் பார்த்துச் சிரித்தார், வெள்ளைப் பெண்களை மணந்தார். 1910 ஜூலை 4-இல் ரீனோ நகரில் ஜிம் ஜெஃப்ரிஸை அவர் தோற்கடித்தபோது பல ஊர்களில் கலவரம் மூண்டு கறுப்பினத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களைத் தகாத நோக்கத்தோடு மாநில எல்லை தாண்டி அழைத்துச் செல்வதைத் தடை செய்த மான் சட்டத்தின் கீழ், 1913-இல் அவரைக் குற்றவாளி ஆக்கினார்கள். அவர் நாட்டைவிட்டு ஓடினார். (அந்தத் தண்டனைக்கு மன்னிப்பு வந்தது 2018-இல்!) 1915-இல் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே தரப்படவில்லை. ஆகவே ராக்ஸ்பரோ தன் வீரருக்கு விதிகள் வகுத்தார்: வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, வென்ற பின் தோற்றவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, முடிவை முன்பே பேசிவைத்த சண்டைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. இருபது வயது இளைஞரின் முகம் அன்றிலிருந்து கல்லாயிற்று. பத்திரிகைகள் அதைப் பார்த்து அவருக்கு உணர்ச்சியே இல்லை, புத்தி மந்தம் என்றெல்லாம் எழுதின. முகத்தை அடக்க வைத்ததும் வெள்ளைச் சமூகம்தான், அடங்கிய முகத்தை ஏளனம் செய்ததும் அதுதான்.

1935-இல் இத்தாலியரான ப்ரைமோ கார்னெராவை ஆறாம் சுற்றில் சாய்த்தார். முசோலினி எத்தியோப்பியாவின் மீது படையெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அந்த இத்தாலியரின் வீழ்ச்சியை நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெம் தன் வெற்றியாகவே கொண்டாடியது. செப்டம்பரில் மேக்ஸ் பேயர் நான்காம் சுற்றில் வீழ்ந்தார். அன்று மாலை, சண்டைக்குப் புறப்படுமுன், லூயிஸ் மார்வா ட்ராட்டரை மணந்துகொண்டார். யாரும் வெல்ல முடியாதவர் என்ற பேச்சு பரவியது. ஷ்மெலிங் மட்டும் படச்சுருளைப் போட்டுப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார்: இடக்கையால் குத்திய பிறகு லூயிஸ் அந்தக் கையைத் தாழ்வாக இழுக்கிறார், அந்தக் கண நேரத்தில் தாடை திறந்துவிடுகிறது. 1936 ஜூன் 19-இல் அந்த இடைவெளிக்குள் ஷ்மெலிங்கின் வலக்கை மீண்டும் மீண்டும் நுழைந்தது. பன்னிரண்டாம் சுற்றில் லூயிஸ் விழுந்தார். நாஜிப் பத்திரிகைகள் அதை இனத்தின் வெற்றி என்று எழுதின.

முறைப்படி பார்த்தால் அடுத்துப் பட்டத்துக்கு மோத வேண்டியவர் ஷ்மெலிங். ஆனால் சாம்பியன் ஜிம் பிராடக்கின் மேனேஜர் ஜோ கௌல்டு லூயிஸைத் தேர்ந்தெடுத்தார். ஷ்மெலிங்கின் போட்டியைப் புறக்கணிக்க யூத அமைப்புகள் தயாராக இருந்தன என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பணம்: லூயிஸ் வென்றால், ஏற்பாட்டாளர் மைக் ஜேக்கப்ஸ் ஹெவிவெயிட் பட்டப் போட்டிகளில் சம்பாதிக்கும் லாபத்தில் பத்து சதவீதம், பத்து ஆண்டுகளுக்குப் பிராடக் தரப்புக்குப் போகும். 1937 ஜூன் 22-இல் சிகாகோவில் எட்டாம் சுற்றில் பிராடக் விழுந்தார். லூயிஸின் கிரீடத்தின் மீது முதல் நாளே பங்குதாரர்கள் ஏறிக்கொண்டார்கள். ராக்ஸ்பரோவுக்கும் பிளாக்குக்கும் ஒரு பாதி, ஜேக்கப்ஸுக்குத் தனிக்கணக்கு, பயிற்சிச் செலவு வேறு. தன் கையில் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று லூயிஸ் ஒருபோதும் சரியாக அறிந்திருக்கவில்லை. கேட்டும் பார்க்கவில்லை.

1938-இன் மறுசந்திப்பைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் அரங்கில், கோடிக்கணக்கானோர் வானொலிக்கு முன். ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவர். அவருடைய அமெரிக்க மேனேஜர் யூதர். அதே ஆண்டு நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட நாட்களில் இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் ஓட்டல் அறையில் ஒளித்துக் காப்பாற்றியவர். அந்த இரவு இருவருமே தாங்கள் தேர்ந்தெடுக்காத கொடிகளைச் சுமந்து நின்றார்கள். லூயிஸ் சுமந்த கொடியின் நாட்டில், அவர் பிறந்த மாநிலத்தில், ஒரு கறுப்பினத்தவர் ஓட்டுப் போடுவதே அரிது. வெள்ளை அமெரிக்கா ஒரு கறுப்பின வீரனைத் தன் பிரதிநிதி என்று ஏற்றுக்கொண்டது அந்த 124 வினாடிகளில்தான் என்றால், அந்த ஏற்பு எவ்வளவு தூரம் நீளும் என்ற கேள்வியும் அங்கேயே தொடங்குகிறது.

பட்டத்தை அவர் 25 முறை காத்தார். 11 ஆண்டு 8 மாதம் இடைவெளியின்றிச் சாம்பியனாக இருந்தார். இரண்டு கணக்குகளையும் ஹெவிவெயிட்டில் இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. தோற்றுப்போக மிக நெருங்கியது 1941 ஜூனில், பில்லி கானிடம். எடை குறைந்த, வேகமான கான் பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது முந்தியிருந்தார். எஞ்சிய சுற்றுகளை விலகி ஆடியே கழித்திருந்தால் பட்டம் அவருடையது. பதின்மூன்றாம் சுற்றில் அவர் நாக் அவுட்டைத் தேடி உள்ளே வந்தார். லூயிஸுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

பிறகு போர். நாலு ஆண்டுக்கும் சற்றுக் குறைவான அந்தக் காலத்தில் லூயிஸ் பட்டத்துக்காகச் சண்டையிட்டது ஒரே முறை, அதுவும் ராணுவ நிதிக்கு. சம்பளமின்றி ஆடிய கண்காட்சிச் சண்டைகள் ஏறத்தாழ நூறு. பார்த்த வீரர்கள் சுமார் இருபது லட்சம் பேர். உங்களைப் பரிமாற மட்டும் வைத்திருக்கும் கடற்படைக்கு ஏன் பணம் தந்தீர்கள் என்று கறுப்பினப் பத்திரிகைகள் கேட்டன. அமெரிக்காவில் கோளாறுகள் நிறைய உண்டு, ஆனால் அவற்றை ஹிட்லர் வந்து சரிசெய்யப் போவதில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அவர் அரசின் கைப்பாவை ஆகிவிட்டார் என்று பின்னாளில் சிலர் பழித்தார்கள். அந்தப் பழி நியாயமற்றது. கான்சாஸின் ஃபோர்ட் ரைலியில் தகுதியுள்ள கறுப்பின வீரர்களுக்கு அதிகாரிப் பயிற்சி மறுக்கப்பட்டபோது, போர்த் துறையில் ஆலோசகராக இருந்த ட்ரூமன் கிப்ஸனிடம் விஷயத்தைக் கொண்டுபோனவர் லூயிஸ். அப்படி அதிகாரி ஆனவர்களில் ஒருவர் ஜாக்கி ராபின்சன். 1947-இல் பேஸ்பாலின் நிறச்சுவரை உடைத்த அதே ராபின்சன். 1944-இல் அலபாமாவின் சிபர்ட் முகாமில் வெள்ளையர் பகுதித் தொலைபேசியைப் பயன்படுத்தியதற்காக ராணுவப் போலீஸ் லூயிஸையும் சக குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சனையும் பிடித்துக்கொண்டு போனது. நகர மாட்டோம் என்று இருவரும் நின்றார்கள். அதே ஆண்டு ராணுவம் தன் முகாம்களின் போக்குவரத்தில் நிறப் பிரிவினையைத் தடை செய்தது. சத்தம் போடாமல், இருந்த இடத்திலிருந்தே அவர் முட்டியிருக்கிறார்.

1945-இல் பதக்கத்தோடு வெளியே வந்தபோது அவர் ஏற்கெனவே கடனாளி. போர்க்காலச் செலவுக்கு ஜேக்கப்ஸிடமும் ராக்ஸ்பரோவிடமும் வாங்கியவை நின்றன. மார்வாவோடு மணமுறிவு வேறு. 1946 ஜூனில் கானோடு மறுசந்திப்பு; எட்டாம் சுற்றில் வெற்றி; வசூல் ஏறக்குறைய 20 லட்சம் டாலர்; லூயிஸின் பங்கு சுமார் 6 லட்சம். பழைய கடன்களும் பங்குதாரர்களும் அதை உறிஞ்சினார்கள். வரிக்கு எதுவும் எடுத்துவைக்கப்படவில்லை.

கடனின் உள்ளமைப்பு இதுதான். நிவாரணச் சங்கங்களுக்குக் கொடுத்த தொகை மொத்தம் ஒரு லட்சம் டாலர் அளவு. அதை அவருடைய வருமானத்தில் சேர்த்ததாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு நெஞ்சை உறுத்தக்கூடியதுதான். ஆனால் 1950 வாக்கில் துறை கேட்ட பாக்கி ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அதை அந்த ஒரு லட்சம் மட்டுமே விளைவித்திருக்க முடியாது. போருக்குப் பிந்தைய சில பெரிய சண்டைகளின் வருமானம், போர்க்காலத்திலிருந்து இறங்காமல் நின்ற வரி விகிதம், கணக்கர்களின் அலட்சியம், ஏற்கப்படாத கழிவுகள் எல்லாம் சேர்ந்து விளைந்த தொகை அது. லூயிஸின் பங்கும் உண்டு. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார், கோல்ஃப் பந்தயங்களில் பணத்தை விட்டார், உணவகம், குளிர்பானம் என்று தொட்ட வியாபாரங்கள் எல்லாம் மூழ்கின. இதே மனிதர்தான், முதன்முதலில் பெரிய பணம் பார்த்தபோது, பொருளாதாரப் பெருமந்த காலத்தில் தன் குடும்பம் டெட்ராய்ட் நகரத்திடம் வாங்கிய நிவாரணத் தொகையைத் திருப்பிக் கட்டியவர். கடனைத் திருப்பித் தரும் எண்ணம் இல்லாதவர் அல்லர், கணக்குத் தெரியாதவர்.

அந்தப் பாக்கி வளர்ந்த விதம்தான் கொடூரம். வரிப் பாக்கிக்கு ஆண்டுக்கு ஆறு சதவீத வட்டி. அசலை அடைக்க அவர் சம்பாதிக்கும் புதிய பணத்துக்கும் புதிதாக வரி. மேல்தட்டு விகிதம் அப்போது தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டது. அந்த உச்சியில் பழைய பாக்கியில் ஒரு டாலரைக் குறைக்க அவர் பத்து டாலர் சம்பாதிக்க வேண்டும். ஹெவிவெயிட் வீரரின் வருமானம் சில ஆண்டுகளில் கொட்டி, பிறகு நின்றுபோகும். ஆண்டுதோறும் சீராகச் சம்பளம் வாங்குபவரை மனதில் வைத்து எழுதிய விகிதங்கள் அவரை நசுக்கின. எவ்வளவு உழைத்தாலும் மீள வழியில்லாத கணக்கு அது.

அதனால்தான் 1949 மார்ச்சில் ஓய்வு அறிவித்தவர் அடுத்த ஆண்டே திரும்பினார். 1950 செப்டம்பரில் எசார்டு சார்ல்ஸ் பதினைந்து சுற்றுச் சண்டையில் அவரைப் புள்ளிகளில் வென்றார். 1951 அக்டோபர் 26-இல் ராக்கி மார்சியானோ. லூயிஸுக்கு 37 வயது, எதிராளிக்கு 28. எட்டாம் சுற்றில் கயிறுகளுக்கு வெளியே விழுந்தார். சிறுவயதிலிருந்து லூயிஸை ஆராதித்த மார்சியானோ பிறகு அழுதார். 1953-இல் தாய் இறந்தபோது, மகனுக்கு விட்டுச்சென்ற 667 டாலரை வரித் துறை எடுத்துக்கொண்டது. பிள்ளைகளுக்கென ஒதுக்கிய நிதியும் போனது. இரண்டாம் மனைவி ரோஸ் மார்கனோடு தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற பணமும் பாக்கிக்குத்தான். மல்யுத்த மேடையில் எதிராளி மார்பில் ஏறி மிதித்ததில் விலா எலும்பு முறிந்தது. மருத்துவர்கள் இதயத்திலும் பாதிப்பைக் கண்டார்கள்.

இடையில் ஒரு விஷயம் அதிகம் பேசப்படாமலே போயிற்று. 1952-இல் சான் டியேகோவில் நடந்த கோல்ஃப் போட்டிக்கு ஏற்பாட்டாளர்கள் லூயிஸை அழைத்தார்கள். வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்பது தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதி. லூயிஸ் அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். அமெச்சூர் என்ற விலக்கில் அவர் ஆடினார். சங்கத்தின் முதன்மைச் சுற்றுப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவரே. விதி நீங்கியது 1961-இல். கடனில் மூழ்கியிருந்தவர், யாருக்காகவும் வாய் திறக்கக் கூடாது என்று பழக்கப்படுத்தப்பட்டவர், அங்கே வாய் திறந்தார். ஷ்மெலிங் சண்டையைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1960-களின் தொடக்கத்தில் துறை இறங்கிவந்தது. அன்றன்று சம்பாதிப்பதற்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்ற ஏற்பாடு. வழக்கறிஞரான மூன்றாம் மனைவி மார்த்தாவுக்கு இதில் பங்குண்டு. ஆனால் உடலும் மனமும் அதற்குள் சிதைந்திருந்தன. கோகெயின் பழக்கம், 1969-இல் நியூயார்க் தெருவில் மயங்கி விழுந்தது, தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்ற அச்சம். 1970-இல் டென்வரில் மனநல மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள். தந்தையை அடைத்த அதே வகை வாசலுக்குள் மகனும் போனார். தந்தையைப் போலன்றி, சில மாதங்களில் திரும்பி வந்தார். பிறகு லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதியில், வருவோரை வரவேற்கும் வேலை. அந்த வேலையைப் பரிதாபமாக எழுதுவது வழக்கம். அவருக்கு அது பிடித்திருந்தது என்றே நெருங்கியவர்கள் சொன்னார்கள். 1977-இல் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் சக்கர நாற்காலி.

1981 ஏப்ரல் 11-இல் லாரி ஹோம்ஸின் பட்டப் போட்டியைப் பார்க்க வந்திருந்தார். மறுநாள் இறந்தார். வயது 66. பின்னாளில் நண்பராகிக் கடைசிவரை அப்படியே இருந்த ஷ்மெலிங் இறுதிச் செலவுக்குக் கைகொடுத்தார். ஆர்லிங்டன் தேசிய ராணுவக் கல்லறையில் இடம் பெறும் தகுதி விதிகளின்படி லூயிஸுக்கு இல்லை. ஜனாதிபதி ரீகன் அந்த விதியை அவருக்காகத் தளர்த்தினார். ஏப்ரல் 21-இல் ராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது.

விதியைத் தளர்த்தும் அதிகாரம் 1981-இல் புதிதாக முளைத்ததல்ல. கட்ட இயலாதவரின் வரிப் பாக்கியைக் குறைத்துச் சமரசம் செய்துகொள்ள அமெரிக்கச் சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இடம் தந்துவந்தது. லூயிஸின் மேனேஜர்கள் அவரை ஏமாற்றியிருக்கலாம், அவரே தன் பணத்தை வீணடித்திருக்கலாம். அவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் இது நிற்கிறது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவருடைய உச்ச வயதை எடுத்துக்கொண்ட அரசு, அந்தச் சமரசத்தை 1950-இலேயே செய்திருக்க வேண்டும், 37 வயதில் அவர் மார்சியானோவின் முன் போய் நிற்பதற்கு முன்னால். பத்தாண்டு தாமதித்தது அநீதி.